கேசட் அட்டையில் கிளி

ஜூன் 16, ஞாயிறு

எங்கள் பாட்டைக் கொன்றவன் ஸ்ரீவத்ஸன். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பார்சல் காலை பதினொரு மணிக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கும் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தது. தணிகா கையில் இருந்த ஆயிலைத் துணியில் துடைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் டேப்பைப் பிரித்தான். ஸ்ரீவத்ஸன் போட்டது நூறு கேசட், எங்களுக்குப் பத்து. அட்டை முழுக்க ஒரு கிளி. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கறுப்புக் கண்ணாடி. தலைக்கு மேலே ஆங்கில எழுத்தில் கே, ஐ, எல், ஐ.

"இன்னாது இது?" என்றான் தணிகா.

"கிளி" என்றாள் ரஹீலா.

"கிளின்னு தெரியுது. அது ஏன் இங்க குந்திகினு கீது?"

பாட்டின் பெயர் 'கிழி'. மூடிப்போன நூல் மில்லின் குவார்ட்டர்ஸில் எச் பிளாக் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. இருபத்தாறு குடும்பம். தணிகாவும் அவன் அம்மா கன்னியம்மாவும் அதில் தரைத்தளம். மில் நிலத்தை வாங்கிய கம்பெனி மார்ச் மாதம் ஒவ்வொரு கதவிலும் 'காலி செய்யவும்' என்று நோட்டீஸ் ஒட்டியது. கன்னியம்மா தன் கதவில் இருந்ததைக் கிழித்தார். பிறகு அந்தத் தளம் முழுக்கக் கிழித்தார். மறுநாள் திரும்ப ஒட்டினார்கள், திரும்பக் கிழித்தார். ஏழு தடவை. நான் அதைப் பாட்டாக எழுதினேன். "ஒட்டினா கிழி, ஒட்டினா கிழி" என்று இரண்டு நிமிடம் பத்து வினாடி. தணிகா டிரம்ஸ், ரஹீலா கீபோர்டு, நான் கிடாரும் குரலும். எங்கள் குழுவின் பெயர் 'பஞ்சர் ஒட்டப்படும்'. ஷெட் வாசலில் இருக்கும் போர்டிலிருந்து எடுத்தது.

கன்னியம்மா கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகாத்தானே கீது. ஒண்ணு நான் வெச்சிக்கிறேன்."

ஜூன் 17, திங்கள்

ஸ்ரீவத்ஸனுக்கு நான்கு முறை போன். எடுக்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் முப்பத்தொரு ஆதார் பிரிண்ட், இரண்டு விவாகரத்து மனு, ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ்.

ஜூன் 19, புதன்

கேசட் வந்து மூன்று நாளாகியும் நாங்கள் அதைக் கேட்கவில்லை. எங்கள் யாரிடமும் கேசட் பிளேயர் கிடையாது. ரஹீலா தன் டெலிகாலிங் ஆபீஸில் விசாரித்தாள். அங்கே ஒரு பையன், "அது பென் டிரைவ் மாதிரியா?" என்று கேட்டானாம். கடைசியில் எச் பிளாக் மொட்டை மாடியில் ஜெபக்கூடம் நடத்தும் பாஸ்டர் ஞானசிகாமணியிடம் ஒன்று இருந்தது. மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கம் முழுவதையும் கேட்டார்.

"கீபோர்டு யாரும்மா?"

"நான்தான் பாஸ்டர்" என்றாள் ரஹீலா.

"மூணு கட்டை வேலை செய்யல போல."

"அஞ்சு பாஸ்டர். கல்யாணக் கச்சேரிக்காரங்க வேணாம்னு தூக்கிப் போட்டது."

"பாட்டு நல்ல வேகமா இருக்கு. ஆனா ஏம்மா இவ்ளோ கோவம், ஒரு பறவை மேல?"

தணிகா தரையில் விழுந்து சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பாஸ்டரின் கதவிலும் அந்த நோட்டீஸின் பசை இருக்கிறது. அவருக்கே கிளி என்றுதான் கேட்டிருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் யாருக்கும் ழ வராது. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் என் தாடையைப் பிடித்து, "நாக்கை மடி, மடி" என்று ஒரு வருடம் பழக்கினார். எனக்கு இப்போது ழ வரும். பாடும்போது தணிகாதான், "நாம பேசற மாரியே பாடு, நியூஸ் வாசிக்காதே" என்றான். அதனால் பேசுகிற மாதிரியே பாடினேன். ஆகவே இதில் தணிகாவுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஜூன் 22, சனி

ஸ்ரீவத்ஸன் நேரில் வந்தான். எங்கள் கேசட்டை வெளியிட்ட 'ஈரச்சுவர் ரெக்கார்ட்ஸ்' என்பது அவன் ஒருவன்தான். பெசன்ட் நகரில் அப்பா வீட்டின் ஒரு அறை, ஒரு லேப்டாப், நிறையத் தாடி. உலகத்தில் யாரும் கேட்காத இசையைத் தேடிப் பிடித்து, யாரிடமும் பிளேயர் இல்லாத கேசட்டில் போடுவான். இதை அவன் எதிர்ப்பு என்கிறான்.

ஷெட்டுக்குள் வந்ததும் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டான். "நிஜமாவே கராஜ்! கராஜ் பங்க் மியூசிக்னு எல்லாம் சும்மா பேருக்குத்தான் சொல்வாங்க. நீங்க ஆக்சுவலா கராஜ்லயே வாசிக்கறீங்க!"

"மெக்கானிக் ஷெட் சார்" என்றான் தணிகா. "காரெல்லாம் பாக்கறதில்ல. டூ வீலர் மட்டும்."

"பின்னாடி ஒரு ஹிஸ் சத்தம் வருதே, அது எந்த கிடார் பெடல்?"

"கம்ப்ரஸர் சார். லீக்."

ஸ்ரீவத்ஸன் அதைப் போனில் குறித்துக்கொண்டான்.

நான் விஷயத்துக்கு வந்தேன். பாட்டு கிளியைப் பற்றியது இல்லை, நோட்டீஸைக் கிழிப்பது பற்றியது, இருபத்தாறு குடும்பத்தின் கோபத்தின் மேல் ஒரு பறவையைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாய், உங்களைப் போன்றவர்களுக்கு எங்கள் மொழி ஒரு அலங்காரம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. "ஓ நோ. சாரி. ரியலி சாரி. ஆனா ஜெனிட்டா, மே மாசம் உன்கிட்ட நான்..." என்று ஆரம்பித்தான். அப்போது கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதால் மீதி கேட்கவில்லை. ஒரு டயருக்குக் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தது. நான்தான் ஸ்விட்சைப் போட்டேன்.

இரண்டாம் பதிப்பில் திருத்துவதாக வாக்களித்துவிட்டுப் போனான்.

ஜூன் 26, புதன்

ஈரச்சுவரின் மாதப் பட்டியல் மெயிலில் வந்தது. கராஜ் பங்க், சிந்த் பங்க், பவர் பாப் என்று மூன்று இசை வகைத் தலைப்பில் உலகமெங்கும் இந்த மாதம் வெளியான பதினான்கு. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே ஒரு காதில் மாட்டிக் கேட்டேன். ஆஸ்திரேலியாவில் நான்கு பேர், வீட்டுக்காரன் பாத்ரூம் பூஞ்சையைச் சரிசெய்யவில்லை என்று ஒன்றரை நிமிடம் கத்துகிறார்கள். கிடார் தகர டப்பாவை இழுக்கிற மாதிரி இருக்கிறது. அபாரம். ஸ்வீடனில் ஒருத்தி தனியாகப் பொம்மை கீபோர்டை வைத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலக வரிசையைப் பற்றிப் பாடுகிறாள். அதைவிட அபாரம். ஸ்பெயினில் மூன்று பேர் காதலித்துக்கொண்டே இருக்கிறார்கள். தள்ளிவிட்டேன்.

இதனால்தான் இந்த இசை எனக்குப் பிடித்தது. சுருதி சேர்க்கத் தெரியாதவன் வீட்டுக்காரனைத் திட்டுகிறான். எங்கேயும் வீட்டுக்காரன்தான். பவர் பாப் என்றால் என்ன என்று தணிகா ஒருமுறை கேட்டான். "சிரிச்சிகினே கோவப்படறது" என்றேன். "எங்கம்மா மாரி" என்றான்.

எங்களுடையது பட்டியலில் ஒன்பதாவது. முந்தைய மாதப் பட்டியல்களில் ஒன்பதாவதாக வந்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். சும்மா, ஒரு தகவலுக்காக.

ஜூலை 2, செவ்வாய்

ஜெர்மனியில் ஒருவன் எங்களைப் பற்றி எழுதியிருக்கிறான். போனில் மொழிபெயர்த்துப் படித்தேன். "தென்னிந்தியாவில் கிளி என்பது கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே தூது செல்லும் பறவை. மதுரையின் தேவி அதைக் கையில் ஏந்தியிருக்கிறாள். சென்னையின் சேரியிலிருந்து வரும் இந்த மூவர் அந்தப் பறவையைத் துருப்பிடித்த சிந்தசைசரில் அடைத்து, கூண்டைத் திறக்கச் சொல்லி அலறுகிறார்கள். ஆண்டின் மிகத் தூய்மையான இரண்டு நிமிடம்."

முழு முட்டாள். குவார்ட்டர்ஸைச் சேரி என்கிறான். நானோ நான்கு வருடம் முன்பே அப்பாவின் ரிட்டையர்மென்ட்டோடு குவார்ட்டர்ஸை விட்டு இரண்டு தெரு தள்ளி மாடி வீட்டுக்குப் போய்விட்டேன். ரஹீலாவுக்குப் புளியந்தோப்பில் சொந்த வீடு.

கடைசி வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக் கடையின் பின்கட்டில் மதியம் மூன்று மணிக்கு வாசித்தோம். நாற்பது பேர். அதில் எட்டுப் பேர் கிளி படம் போட்ட டீ சர்ட். இரண்டு பேர் அட்டையில் மூக்குச் செய்து மாட்டியிருந்தார்கள்.

நான் வேண்டுமென்றே நாக்கை மடித்து 'கிழி' என்று பாடினேன். தமிழ் டீச்சர் கேட்டிருந்தால் அழுதிருப்பார். அவர்கள் 'கிளி' என்று திருப்பிக் கத்தினார்கள். நாற்பது வாய்க்கு எதிரில் ஒரு நாக்கு என்ன செய்யும்?

முடிந்ததும் ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தெரபிஸ்ட் கிட்ட உங்க பாட்டைப் பத்திப் பேசினேன். எனக்குள்ள இருக்கிற கிளியை நான் கண்டுக்கவே இல்லைன்னு புரிஞ்சுது."

அவளிடம் எச் பிளாக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று தோளில் கை போட்டாள். நல்ல வெளிச்சம். படம் நன்றாக வந்திருக்கிறது.

திரும்பும்போது மின்சார ரயிலில் தணிகா வாசலோரம் நின்றுகொண்டான். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும், "நீ சொல்லிருக்கலாம்" என்றான்.

"எங்க டைம் இருந்துது?"

"பாட்டுக்குப் பாட்டு தண்ணி குடிச்சியே, அப்ப."

ஜூலை 10, புதன்

ரஹீலா கடைக்கு வந்தாள். ஜெராக்ஸ் எடுக்க இல்லை. ஸ்ரீவத்ஸன் அவளுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான். மே 11. நான் அவனுக்குப் பாட்டு அனுப்பிய நாள். ஃபைலின் பெயர் கே, ஐ, எல், ஐ, ஃபைனல் டூ. அவன் ஆங்கிலத்தில், "அழகான பெயர். கிளி, பறவைதானே? அட்டையில் அதையே போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். கீழே என் பதில். ஒரு கட்டைவிரல்.

"நீதான்டி" என்றாள் ரஹீலா. "நீயேதான்டி அந்தக் கிளியப் பறக்க வுட்டது."

"அன்னிக்குக் கடையில கூட்டம். படிக்காமப் போட்டிருப்பேன்."

"காலைல எட்டே கால் மணிக்கா? உங்க கடை பத்து மணிக்குத்தானே தொறப்பாங்க?"

எல்லோரும் போனில் அப்படித்தான் அடிக்கிறோம். ழவுக்கு இசட் எச் போட்டு எழுதுகிற ஒரு ஆளை எங்கள் பகுதியில் காட்டுங்கள், பார்க்கலாம். நாள் முழுக்க ஊராருக்குக் 'கீழ்க்கண்ட விண்ணப்பதாரர்' என்று சரியாகத் தட்டச்சு செய்துவிட்டு, சொந்தப் பாட்டுக்கு நான்கு எழுத்தில் பெயர் வைத்தேன். அது பழக்கம், குற்றம் இல்லை. கட்டைவிரலும் அப்படியே. யாராவது எதையாவது கேட்டால் கட்டைவிரல் போடுவது. பறவை இல்லை என்று விளக்கப் போனால் யோசிக்கிறேன் என்பான், ஒரு மாதம் தள்ளிப் போடுவான். தள்ளிப் போட்டால் கேசட்டே வராது. இது யாருக்கும் புரியும்.

தணிகாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். ரஹீலா கீபோர்டுக்கு அடாப்டர் வாங்கப் போனாள்.

மூலக் குற்றம் ஸ்ரீவத்ஸனுடையதுதான். தமிழ் தெரிந்த ஒருவன் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க மாட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

ஒத்திகை. மழை. கம்ப்ரஸரைச் சரிசெய்துவிட்டதாகத் தணிகா சொன்னான். ஸ்ரீவத்ஸன் போனில், "ஐயோ, ஏன்?" என்றான்.

ஜூலை 18, வியாழன்

எச் பிளாக்கில் இறுதி நோட்டீஸ். இந்தத் தடவை காகிதம் இல்லை, ஃபிளெக்ஸ். சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 5, திங்கள், காலை பத்து மணிக்கு இடிப்பு, போலீஸ் பாதுகாப்புடன். கன்னியம்மா கையால் இழுத்துப் பார்த்தார், கிழியவில்லை. அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தார்.

"பாட்ட மாத்தி எழுது" என்றார் என்னிடம். "கிழிக்கவே முடியாதத ஒட்டறானுங்க."

குடியிருப்போர் வைத்திருக்கும் வக்கீலம்மா நிலவரத்தைச் சொன்னார். தடை கேட்ட மனு ஆகஸ்ட் 7, புதன்கிழமைதான் விசாரணைக்கு வருகிறது. அதாவது இரண்டு நாள் இடைவெளி. அந்த இரண்டு நாளில் கட்டடம் தரையில் கிடந்தால், கோர்ட் காப்பாற்றுவதற்கு எதுவும் இருக்காது. "நிறைய ஆள் நின்னா இடிக்கிற மெஷின் உள்ள வராது. இருபத்தாறு குடும்பம் பத்தாது. வெளியாள் வேணும், கேமரா வேணும், இங்கிலீஷ் பேசறவங்க வேணும்."

தணிகா என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எல்லோரும் கிளி டீ சர்ட் போட்டவர்கள்.

ஜூலை 20, சனி

ஸ்ரீவத்ஸன் குதித்துக்கொண்டு போன் செய்தான். பெரிய நிகழ்ச்சி. ஆகஸ்ட் 4, ஞாயிறு மாலை நான்கு மணி. நானூறு பேர். ஆஸ்திரேலியாவிலிருந்து இசைத்தட்டு வெளியிடும் ஒரு லேபிள்காரர் நேரலையில் பார்ப்பார். பிடித்தால் எங்கள் பாட்டை வினைல் தட்டாகப் போடுவார். பாத்ரூம் பூஞ்சைப் பாட்டைப் போட்ட அதே லேபிள்.

இடம் எங்கே என்று கேட்டேன்.

"ஸ்பிண்டில். உங்க ஏரியாதான். பழைய மில் கொடவுனை ஆர்ட் ஸ்பேஸா மாத்திருக்காங்க."

மில்லில் நூல் சுற்றும் ஸ்பிண்டில் ஓட்டியவர்கள் எச் பிளாக்கில் இருக்கிறார்கள். ஸ்பிண்டில் என்று பெயர் வைத்தவர்கள் ஃபிளெக்ஸ் மாட்டியிருக்கிறார்கள். தணிகாவின் அப்பா அந்தக் கொடவுனில்தான் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கினார். இந்த நகரத்தில் ஒருவனை விரட்டுவதற்கு முன் அவன் வேலை செய்த இடத்தில் விளக்கு மாட்டி டிக்கெட் போடுகிறார்கள்.

இதையெல்லாம் ஸ்ரீவத்ஸனிடம் சொல்லி மறுக்கப் போகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

மறுக்கவில்லை. தணிகாதான் மறுக்க வேண்டாம் என்றான்.

"ஒத்துக்க. நானூறு பேரு, எச் பிளாக்லருந்து முன்னூறு மீட்டர், அதுக்கு மறுநாள்தான் இடிப்பு. அவன் காசுல அவன் மைக்குல நாம ஆள் சேக்கலாம். இதுக்கு மேல இன்னா வேணும்?"

"நீயே பேசிடேன்."

"நான் பேசினா சண்டை மாரி இருக்கும். நீ படிச்சவ, ழ போட்டுப் பேசு. மூணே வரி போதும்."

மூன்று வரியையும் மூன்று பேருமாக எழுதினோம். 'நாளை காலை பத்து மணிக்கு எச் பிளாக்கை இடிக்க வருகிறார்கள். புதன்கிழமை கோர்ட்டில் வழக்கு. அதுவரை எங்களோடு வந்து நில்லுங்கள்.' நல்ல வரிகள். ஒரு சொல் அதிகமில்லை.

ஜூலை 22, திங்கள்

மூன்று வரியையும் கடையில் தட்டச்சு செய்து பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்தேன். இரண்டு எழுத்துருவில் பார்த்தேன். தடித்தது நன்றாக இருக்கிறது.

ஜூலை 27, சனி

ஸ்ரீவத்ஸன் காபி வாங்கிக் கொடுத்துச் சுற்றி வளைத்தான். நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொண்டார்களாம். மேடையில் அறிவிப்பு எதுவும் வேண்டாம். பாட்டில் எதை வேண்டுமானாலும் பாடலாம், முழுச் சுதந்திரம். "அவங்களுக்கு ஆங்கர் ரொம்ப பிடிக்கும் ஜெனிட்டா. அதாவது உன் கோபம். பாட்டுக்கு நடுவுல பேசறதுதான் கொஞ்சம்..."

"பேசினா?"

"லைவ் கட் பண்ணிடுவாங்க. ஆஸ்திரேலியாக்காரர் பார்க்கறப்போ."

"நீ இதை ஒத்துக்கிட்டியா?"

"நான் வருத்தப்பட்டேன்" என்றான். அவன் நிஜமாகவே வருத்தப்பட்டிருப்பான். அதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை.

சரி என்று தலையாட்டினேன். அவனை ஏமாற்றுவதற்காகத்தான். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லைவைக் கட் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்போது சொல்லிவிடுவேன்.

ஜூலை 30, செவ்வாய்

கடைக்குத் தணிகா வந்தான். கன்னியம்மாவின் ரேஷன் கார்டு, கரண்ட் பில், அப்பாவின் மில் அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் வக்கீலம்மா நகல் கேட்டிருக்கிறார். எடுத்துக்கொண்டிருக்கும்போது அவன், "ரஹீலா சொல்லிச்சி" என்றான்.

"என்னது?"

"கட்டவெரலு."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் எதையும் கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை.

"பரவால்ல" என்றான். "ஒரு வெரலுதானே. கேசட்டு வந்தா போதும்னு நெனச்சிருப்ப. நானா இருந்தாலும் அதான் பண்ணிருப்பேன். ஞாயித்துக்கெழம வாயத் தொற, அது போதும். எங்கம்மா மூட்டையே கட்டல ஜெனி. பக்கத்து வீட்லலாம் கட்டிட்டாங்க. 'ஜெனி பேசப் போவுது, ஆளு வரும்'னு சொல்லிகினு கீது."

ஆகஸ்ட் 1, வியாழன்

ஸ்பிண்டில் வாசலில் இரண்டு மாடி உயரத்துக்குக் கிளி வரைந்துகொண்டிருக்கிறார்கள். கிரேன் வைத்து வரைகிறார்கள். முகம் கொஞ்சம் என் சாயல் என்று ரஹீலா சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கண் மட்டும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 3, சனி

மேடைக்குக் கறுப்புச் சட்டையை இஸ்திரி போட்டேன். பிரிண்ட்டை மடித்து வைக்க அதில் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூன்றரைக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. நுழைகிற எல்லோருக்கும் அட்டையில் ஒரு கிளி முகமூடி கொடுத்தார்கள். பின்பக்கம் கம்பெனியின் முத்திரையும், இரண்டு, மூன்று படுக்கையறை வீடுகளுக்கு முன்பதிவு எண்ணும். வாசலில் ஒரு கிளி ஜோசியரை உட்கார வைத்திருந்தார்கள். கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதால் கூண்டு காலி. சீட்டை ஒரு மாடல் பெண் எடுத்துக் கொடுத்தாள். "எம் பொழப்பப் பாத்தியாம்மா?" என்றார் ஜோசியர் என்னிடம்.

கன்னியம்மா வந்திருந்தார். பாஸ்டரும் எச் பிளாக்கில் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். டிக்கெட் இல்லை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஸ்ரீவத்ஸன் ஓடிப்போய்ப் பேசி உள்ளே கொண்டுவந்து, பின்வரிசையில் தூண் பக்கமாக நிற்க வைத்தான். அவர்களுக்கும் முகமூடி கொடுத்தார்கள். கன்னியம்மா மாட்டிக்கொள்ளவில்லை. அதை விசிறிக்கொள்ள வைத்துக்கொண்டார்.

நாங்கள் மொத்தம் எட்டுப் பாட்டு. இவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததே இல்லை. ரஹீலா கீபோர்டில் வேலை செய்யாத ஐந்து கட்டைகளையும் தாளத்துக்கு அடித்தாள். நான்காவது பாட்டு முடிந்ததும் சட்டைப் பையில் கையை வைத்தேன். ஐந்தாவதைத் தணிகா உடனே தொடங்கிவிட்டான். உடனே என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்தான், நான் தலையாட்டினேன், தொடங்கினான். ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே தண்ணீர் குடித்தேன். வெப்பம் அப்படி. கொடவுனில் ஜன்னல் இல்லை.

எட்டாவது 'கிழி'. நானூறு முகமூடி மேலும் கீழும் குதித்தது. முன்வரிசையில் ஸ்ரீவத்ஸன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரையைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். ஆஸ்திரேலியாக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பாட்டு முடிந்தது. சத்தம் அடங்கவே இல்லை. இப்போதுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத மாட்டேன். மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"தேங்க்யூ சென்னை" என்றேன்.

சென்னை! என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு.

லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்றுதான் நின்றேன். இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு பாட்டு என்று கேட்டார்கள். சரி, அதற்குப் பிறகு சொல்லலாம் என்று ஒரு கையால் கிடாரைச் சரிசெய்தேன். தணிகா டிரம்ஸை விட்டு எழுந்தான். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. ரஹீலா கட்டைகளிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். அவன் நேராக என்னிடம் வந்து கையை நீட்டினான். சட்டை முழுக்க வியர்வை.

"மைக்கக் குடு, ஜெனி."

மைக் என் வாயருகே இருந்ததால் அவன் சொன்னது கொடவுன் முழுக்கக் கேட்டது. பிறகு முன்வரிசையில் ஒரு முகமூடி, "மைக்கக் குடு!" என்று கத்திக் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். புதுப் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். மைக்கக் குடு, மைக்கக் குடு. நானூறு பேர், ஒரே தாளம். சுவரோரம் நின்ற கம்பெனிக்காரர்கூடக் காலால் தட்டினார். பின்னால் தூண் பக்கம் கன்னியம்மா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் விரல்கள் மைக்கைச் சுற்றி இருந்தன. அவற்றைப் பிரிப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

தணிகா கையை இறக்கவில்லை. அவர்கள் தாளத்தில் சேராமல், மெதுவாக, எனக்கு மட்டும் இன்னொரு தடவை சொன்னான்.

"நாளைக்குப் பத்து மணிடி. மைக்கக் குடு."